மூணு நட்சத்திரக்காரன்

— அம்மா, அண்ணன் நேத்து காலையில நாப்பது பக்கம் தாண்டிட்டான், பார்த்தியா? இருபத்தொம்பது புத்தகம் முடிஞ்சாச்சு. கையில இருக்கிற இந்த ஒண்ணுதான் பாக்கி.

— வாழை இலையை வெளிச்சத்துல பிடிச்சுத் துடை, யுலைமா. பேசிக்கிட்டே கிழிக்கிறே.

— கிழிஞ்சா உள் இலைக்கு ஆச்சு. உனக்கு சந்தோஷமாவே இல்லையா? இந்த வருஷம் முப்பது படிப்பேன்னு அந்தப் புத்தக ஆப்ல எல்லார் கண்ணும் பார்க்கப் போட்டு வச்சான். வருஷம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கு, முடிக்கப் போறான் உன் பிள்ளை.

— சந்தோஷம்தான். மாவுல அந்தச் சிவப்புக் கொழுப்பை இன்னும் ரெண்டு கரண்டி விடு. வெளிறிக் கிடக்கு, காய்ச்சல்காரன் மூஞ்சி மாதிரி.

— நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சும்மா இது!

— ஏன், அவன் நடந்து போன அந்தக் காட்டுல கொசு இல்லையா?

— மறுபடி ஆரம்பிக்காதே. காட்டைத் தாண்டிட்டான். பனாமாவையும் தாண்டி அமெரிக்கா பக்கம் எங்கேயோ போயிட்டான். இல்லேன்னா எப்படிப் படிப்பான்? போன் இருக்கு, படிக்கிறான், பக்கம் ஏறுது. நீயே உன் போன்ல பார்க்கிறே.

— ஆகஸ்ட்லேர்ந்து அதைத்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பக்கம் புரட்டற கை, ‘அம்மா, இருக்கேன்’னு ரெண்டு வார்த்தை அடிக்காதா?

— சிம் மாத்தியிருப்பான். நம்பரெல்லாம் போயிருக்கும்.

— என் நம்பர் எடிக்சனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்துலேர்ந்து மனப்பாடம். அதுவும் போகட்டும். இங்கே இருந்தப்ப ஒரு புத்தகத்தை மாசக்கணக்கா தலைமாட்டுல வச்சு உருட்டுவான். மூட்டையைச் சுமந்துக்கிட்டு நடக்கறவனுக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு இந்த வேகம்?

— ஒல்லி ஒல்லியா எடுத்துப் படிக்கிறான். வருஷக் கடைசியில எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. எண்ணிக்கை வேணுமில்ல? அந்த நூலைக் குடு. இறுக்கிக் கட்டாதே, வேகும்போது வெடிக்கும்.

— மாவை இலையில மடிச்சு அயாக்கா கட்ட எனக்கே கத்துத் தர்றியா! சரி, கேட்டுக்கோ. முப்பது முடிஞ்சா, ஜனவரியில மாதா ஊர்வலத்துல நான் வெறுங்காலோட நடக்கிறேன். சாந்தா ரோசா ஊர்லேர்ந்து பெரிய கோயில் வரைக்கும்.

— அதைத்தாம்மா நானும் பேசணும்னு இருந்தேன். உன் முட்டிக்கு மாடிப்படியே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— முட்டி என்னோடது. மாதாகிட்ட சொன்னது சொன்னதுதான்.

— பஸ்ல போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வருவோம். மாதா கோவிச்சுக்க மாட்டா.

— என் பிள்ளை காட்டைக் கால்நடையாத் தாண்டினான். நான் பஸ்ல போய் நன்றி சொல்லணுமா?

— சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இருபத்தொம்பதோட நின்னுட்டான்னு வை...

— நின்னா? நின்னா என் பிள்ளை... வேண்டாம் யுலைமா. அதை என் வாயால சொல்ல வைக்காதே.

— புத்தகம்தானேம்மா! எங்கேயாவது வேலை கிடைச்சிருக்கும், நேரம் இருக்காது. அதுக்குப் போய்...

— முடிச்சா நடக்கக் கூடாதுங்கறே. நின்னா பயப்படக் கூடாதுங்கறே. என்னதான்டி வேணும் உனக்கு?

— மூச்சு முட்டுதும்மா எனக்கு.

— அடுப்பைத் தணிக்கட்டுமா?

— அடுப்பு இல்ல. நீ உட்காரு. உட்காரும்மா, கரண்டியை வச்சுட்டு.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு.

— படிக்கிறது அண்ணன் இல்ல. நான்.

— ம்.

— அவன் படிச்சது பதினெட்டுதான். கடற்கரை ஊர்லேர்ந்து கடைசியாப் பேசினானே, விடிஞ்சா காட்டுக்குள்ள நுழையறோம்னு, அன்னைக்குத்தான் பதினெட்டு முடிஞ்சுது. அதோட நகரவே இல்ல. நீ சாப்பாட்டையே விட்டுட்டே. போன் தொலைஞ்சா பார்த்துக்கோன்னு ஆப் பாஸ்வேர்டை என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருந்தான். ஒரு நாள் பொறுக்காம அவன் கணக்குல பத்து பக்கம் ஏத்திவிட்டேன். அன்னைக்கு ராத்திரி நீ ரெண்டு அரேபா ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டே. அப்புறம் நான் எப்படிம்மா நிறுத்துவேன்?

— நூல் சிக்குது பாரு.

— அம்மா! நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீதான்னு. அந்தக் கப்பல்காரன் காதல் கதைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டியே, அன்னைக்கே தெரியும்.

— அழுதுட்டேம்மா அதைப் படிச்சுட்டு. கை தானாப் போட்டுடுச்சு.

— நிஜமாவே படிச்சியா?

— எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் ஏத்தினேன். ஆஸ்பத்திரி டூட்டியில, நோயாளிங்க கண் அசர்ற நேரம் பார்த்து. படிக்காத பக்கத்தை ஏத்தினா அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்.

— போடி பைத்தியம். எடிக்சன் எதுக்காவது மூணுக்கு மேல குடுத்து நீ பார்த்திருக்கியா? என் அயாக்காவுக்கே மூணுதான். நாலு குடுத்தா அடுத்த வருஷம் நீ அலட்சியமா சமைப்பேன்னான், படவா.

— என் கல்யாண கேக்குக்கு ரெண்டு.

— அதுக்கு ரெண்டே அதிகம்.

— சிரிக்காதே. தெரிஞ்சு வச்சுக்கிட்டா தினம் ‘நகர்ந்தானா, நகர்ந்தானா’ன்னு என் உயிரை எடுத்தே? தெரிஞ்சுக்கிட்டேவா மாதாகிட்ட வேண்டினே?

— நீ நிறுத்திடக் கூடாதுன்னுதான். ஒரு நாள் நீ பக்கம் ஏத்தலேன்னா, நீயும் அவனைக் கைகழுவிட்டேன்னு ஆயிடும். அவன் உயிரோட இருக்கான்னு நான் ஒருத்தி மட்டும் நம்பிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்லடி.

— அம்மா...

— அழாதே, மாவுல விழும். உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன்.

— என்னால முடியலம்மா. ஜனவரி ஒண்ணாம் தேதி எல்லாம் சைபர் ஆயிடும். அவன் பேர்ல மறுபடி முப்பதுன்னு நானே போடணுமா?

— போடு. நாப்பதுன்னு போடு. நான் நடந்துக்கறேன், நீ படிச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன், இன்னைக்குத்தான் உனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு.

— எதுல?

— காலையில மொட்டை மாடிக்குப் போய் சிக்னல் பிடிச்சுப் பார்த்தேன்.

— அந்த முட்டியோட மாடி ஏறினியா?

— திட்டறதை அப்புறம் திட்டு. அந்தக் கப்பல்காரன் கதைக்கு நேத்து வரைக்கும் அஞ்சு இருந்துச்சு. இன்னைக்குப் பார்த்தா மூணு. இப்பத்தான்டி என் பிள்ளை போட்ட மாதிரியே இருக்கு. நீ முன்னாடியே திருத்தியிருந்தா எனக்கும் ஏமாற ஒரு வழி இருந்திருக்கும்.

— மூணா? நல்லாப் பார்த்தியா?

— கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பார்த்தேன். ஏன்டி, இலையை ஏன் கீழே போடறே?

— அம்மா, நேத்து மத்தியானம் போன கரண்ட் இன்னும் வரல. அப்பலேர்ந்து என் போன் செத்துக் கிடக்கு.

— அதுக்கென்ன இப்போ?

— நான் எதையும் திருத்தலம்மா.