சென்னம்மாளக்கா போட்ட போன்

– அதான் சொல்றேனே ராணி, நாலாம் நம்பர் ஊட்டு மௌசுமி பங்களாதேசுக்காரியேதான். நாந்தான் ஸ்டேசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

– யக்கா, மெதுவாப் பேசுங்க. நெசமாவே போட்டுட்டியளா?

– போட்டாச்சு. நாலு மணிக்கு வர்றாங்களாம். “வேலம்பாளையத்துல பத்து லைன் வீடு வெச்சிருக்கற சென்னம்மாளுங்களா”ன்னு அந்த எஸ்.ஐ. எத்தன மரியாதையாக் கேட்டாரு தெரியுமா? என்ற சம்பந்திகூட என்னைய அப்படிக் கேட்டதில்ல.

– இப்பவே மூணு மணி ஆகுதே. ஞாயித்துக்கெழமைன்னு அவளும் புருசனும் மார்க்கெட்டுக்குப் போயிருக்காவ. ஒண்ணுந் தெரியாது அவுகளுக்கு. எங்கூட பனியன் கம்பெனியில ஒரே செக்கிங் டேபிள்ல நிக்கிற புள்ளக்கா. முர்சிதாபாத்துன்னு ஒரு ஊரு, நம்ம மேற்கு வங்காளத்துலதான் இருக்கு.

– அவ சொல்லுவா, நீ நம்புவ. அந்த வாசல நீ ஒழுங்காப் பாத்தியா? சுதந்திர தினத்துக்குப் பதினஞ்சாந்தேதி கட்டுன கொடி. இன்னைக்குத் தேதி முப்பது. நாமெல்லாம் அன்னைக்குப் பொழுதோட அவுத்து மடிச்சு பீரோவுல வெச்சுப்போட்டோம். நம்மாளா இருந்தா ஒரு நாள் கட்டுனாப் பத்தாதா? அவளுக்கு மட்டும் எதுக்கு அத்தன நாட்டுப்பற்று?

– பயந்துதான்க்கா. போன மாசம் நெருப்பெரிச்சல் ஏரியாவுல ஒரு லைன்லயிருந்து வங்காளத்துக்காரவ நாலு பேரப் போலீசுல கூட்டிட்டுப் போனாவல்லா. பதினோரு நாள் கழிச்சு, பேப்பரெல்லாம் சரியா இருக்குன்னு விட்டுட்டாவ. வந்து பாத்தா வீட்டுக்காரரு பாயி, பாத்திரம், கேஸ் அடுப்பு எல்லாத்தையும் ரோட்டுல எடுத்து வச்சிருக்காரு. அதக் கேட்டதுலயிருந்து மௌசுமிக்குத் தூக்கமே இல்ல. கொடி மழையில நனைஞ்சா உள்ள கொண்டுபோயி அயர்ன் பண்ணித் திருப்பிக் கட்டுதா.

– அயர்ன் பண்றதையும் சன்னல் வழியாப் பாத்தேன். அதுலதான் எனக்குச் சந்தேகமே வலுத்துச்சு. அப்பறம் அந்த ஜனகணமனப் பாட்டு. உங்க கம்பெனியில கொடியேத்தறப்ப லட்டு குடுக்கறாங்கன்னு நானும் வந்திருந்தேனல்ல. நாமெல்லாம் மரியாதையா வாய அசைச்சுட்டு நின்னோம். அவ ஒருத்திதான் கடைசி வரைக்கும் சத்தமாப் பாடுனா. அதும் வாய்க்குள்ள கொழுக்கட்டைய வெச்சவளாட்ட. நம்ம பாட்ட நம்மாளு அப்படியா பாடுவாங்க?

– அந்தப் பாட்டே அவுக பாசையில எழுதுனதுதான்க்கா. அவ பாடுனதுதான் சரி.

– அப்படியா? இத எதுக்கு எங்கிட்ட இத்தன நாளா ஆருமே சொல்லல?

– இப்பச் சொல்லுதேன்ல. திருப்பிப் போன் போட்டு, ஆளு தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க. உங்க காலுல வேணும்னாலும் விழுதேன்.

– ஏம்புள்ள, என்ன பேசற? என்ற தம்பி மவன் தங்கதுரை பார்டர்ல நிக்கறான். போன தையில லீவுல வந்தப்ப ஷூவக் கழட்டுனான், ரெண்டு கால்வெரலு இல்ல. பனியில போயிருச்சுங் அத்தைன்னு சிரிக்கறான். அவன் அங்க அப்படி நிக்கறப்ப, நா என்ற வாசல்ல நடக்கறதக் கேக்காம வுட்டா அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? உங்க ஊருப்பக்கம் வெள்ளம் வந்தப்ப இந்த வீதியே சேந்து ஒரு லாரி நெறைய பனியனும் போர்வையும் அனுப்பிச்சுது. ஆருக்குப் போவுதுன்னு கேட்டமா? நம்ம நாட்டுச் சனம், அவ்வளவுதான். அதெல்லாம் நல்லதுன்னு வாங்கிக்குவீங்க, இது மட்டும் பொல்லாப்பா?

– எங்கம்மைக்கும் அதுல ஒரு போர்வை கெடச்சுது. கட்டம் போட்டது. இன்னும் அதத்தான் போத்துதாவ. நான் அத மறக்கல. அந்த மனசு உங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சுதான் கெஞ்சுதேன்.

– புடிச்சா குடுக்கறேன்? சும்மா வந்து பாத்துட்டுப் போவாங்க. தப்பில்லாதவளுக்கு என்ன பயம்?

– நெருப்பெரிச்சல்ல போன நாலு பேரும் தப்பில்லாதவுகதான்க்கா.

– அதென்ன, அவளுக்கு ஒண்ணுன்னா நீ இப்படிப் பதறற? டீயெல்லாம் சேலையில ஊத்திட்ட பாரு. அவ எதையாச்சும் மறைக்கறாளா? எங்கிட்டச் சொல்லு. எனக்குத் தெரியாம இந்த லைன்ல ஒண்ணு நடக்காது. எந்த ஊட்டுல கடுகெண்ண, எந்த ஊட்டுல கருவாடு, ராக்கையா பொண்டாட்டி எத்தன தடவ கோவிச்சுட்டுப் போனா, எல்லாம் எனக்கு அத்துப்படி.

– அவ ஒண்ணையும் மறைக்கலக்கா.

– செரி, வுடு. நா வந்த வேலைய மறந்துட்டுப் பேசிட்டிருக்கறேன். ஒரு ஊட்ட மட்டும் பாத்தா நல்லாருக்காதாம், பத்து ஊட்டையும் பாக்கோணுமாம். எஸ்.ஐ. சொல்லிட்டாரு.

– பத்தையுமா?

– ஆமாங். ஆதார் ஆரு வேணா எடுத்துர்றாங்களாம். அதனால ஓட்டர் ஐடி வாங்கி அடுக்கி வெக்கச் சொன்னாரு. நாலாம் நம்பரு பூட்டியிருக்குது, மத்த எட்டு ஊட்டுலயும் சொல்லியாச்சு. உன்றது ஒண்ணுதான் பாக்கி, எடு.

– அது… ஊருல இருக்குக்கா. அம்மைகிட்ட.

– போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லு. ஒரு நிமிச வேலை.

– யக்கா, கொஞ்சம் அந்தக் கதவச் சாத்துங்க.

– எதுக்குடி? எதுக்கு இப்படிப் பயப்படற? நீ என்ன அவளாட்டவா? கோவில்பட்டிக்காரி, தமிழ் பேசறவ, நம்மாளு. உன்னைய எவன் என்ன கேக்கப் போறான்?

– எங்கப்பாவும் அம்மையும் தொண்ணூறுல இலங்கையில தலைமன்னார்லயிருந்து போட்ல வந்தவுகக்கா. நான் பொறந்தது கோவில்பட்டிப் பக்கத்துல அகதி முகாம்ல, எம்பேரு இருக்கதும் முகாம் பதிவேட்டுல மட்டுந்தான். மௌசுமிகிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கு. இந்தப் பத்து வீட்டுல எந்த நாட்டுப் பேப்பரும் இல்லாதவ நான் ஒருத்திதான்.