விலை மட்டும் சொல்லக் கூடாது

“ஊட்டைத் தொறந்து காட்டலாமாம், டீ போட்டுக் குடுக்கலாமாம். வெலை மட்டும் வாயில வரக் கூடாதாம்க்கா!”

குன்னூரில் கோத்தகிரி பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டில் இதைக் கேட்டேன். பேசியவள், கட்டபெட்டில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு பங்களாவின் காவல்காரி. பக்கத்தில் அவளுடைய அக்கா.

“யாருடி சொன்னது?”

“ஏஜென்ட்தான். ஏஜென்ட்டுன்னு கவர்மென்ட்டுல பதிவு நம்பர் வாங்காதவ பேரம் பேசினா அபராதமாம். இப்ப ஊட்டைக் கேட்டுட்டு இருக்கற கோயமுத்தூர்க்காரங்க வாங்கினா எங்களை அங்கயே வெச்சுக்குவாங்க. வேற ஆளு வாங்கினா மூட்டை கட்டணும்.”

“அப்ப ஊட்டைப் பத்தி நல்லா நாலு வார்த்தை அளந்து விடுடி!”

“அதுவும் விக்கற மாதிரிதான், கூடாதுங்கறேன்!”

அப்போது போன் அடித்தது. கோயமுத்தூர் அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் பஸ்ஸுக்கே கேட்டது.

“ஏனுங்க, கடைசியா என்ன வெலைக்குக் குடுப்பாங்க?”

“அதைய ஏஜென்ட்டைக் கேளுங்கம்மா. நான் விக்கக் கூடாதுங்க.”

“சரி, ஊடு எப்படிங்க?”

“ஆடி மழைக்குச் சமையல்கட்டு ஒழுகுமுங்க. பொழுது சாஞ்சா காட்டெருமை வாசக் கேட்டுப் பக்கத்துல வந்து நிக்குமுங்க.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். போனில் சிரிப்புச் சத்தம்.

“ஏஜென்ட் இதைப் பத்தி மூச்சே விடலீங்களே! ஒழுகறதை நாங்க சரி பண்ணிக்கறோம். நாளைக்கே அட்வான்ஸ் குடுத்தர்றோம். உள்ளதைச் சொல்ற ஆளு நீங்க, எங்கயும் போயிராதீங்க.”

அவள் துள்ளி எழுந்தே விட்டாள்.

“கட்டபெட்டு இன்னும் வரலீங்க, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “எங்கிட்டயாவது சொல்லுடி, என்ன வெலை?”

“ம்ஹும். எனக்குப் பதிவு நம்பர் இல்லக்கா.”