சக்கரம் இருக்கு, நகராது

"ஏன் தம்பி, கேரவன் வாங்கப் போறேங்கிறியே, அத எங்கயாச்சும் ஓட்டிட்டுப் போகலாம்னு நெனச்சியா?"

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கடற்கரையில், கேரவன்களை விடுமுறை வீடுகளாக வரிசையாக நிறுத்தியிருக்கும் முகாமில், மழையில் நனைந்துகொண்டிருந்த ரோவனை மேவிஸ் தன் கேரவன் ஜன்னல் வழியாகவே கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டாள். பக்கத்து வரிசையில் விலைக்கு நிற்கும் கேரவனைப் பார்க்க வந்தவன் அவன். சாவி கொண்டுவர வேண்டிய முகாம் ஆபீஸ்காரரை இன்னும் காணோம்.

"நகராது! சக்கரம் இருக்கும், ஆனா நகராது. எங்க வீட்டுக்காரர் கென் மாதிரி. காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, இருபது வருசமா சோபாவ விட்டு எந்திரிச்சதில்ல... டீ குடி. ஃபிளாஸ்க் டீதான், காலையிலயே கேஸக் கழட்டிட்டாங்க. அது கெடக்கட்டும்.

கெட்டத மொதல்ல சொல்லிடறேன். செவுரு வெறும் அட்டை. நான் தும்முனா நாலாவது கேரவன்லேருந்து 'நல்லாயிரு'ன்னு கொரல் வரும். கடல் தெரியும்னு விளம்பரத்துல போட்டிருப்பாங்களே? தெரியும், பொய்யில்ல. டாய்லெட் மேல ஏறி நின்னு கழுத்த எடது பக்கம் திருப்புனா தபால்தலை அளவுக்குத் தெரியும். கென் அவங்கம்மாவ ஏத்திவிட்டாரு பாரு... கடலும் தெரியல, கீழ எறங்கவும் முடியல. தீயணைப்பு வண்டி வந்துதான் எறக்குச்சு.

அப்புறம் குளிர்காலம். ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசமும் முகாம் கேட்டப் பூட்டிருவாங்க. அதுக்கு முன்னாடி குழாயில சொட்டுத் தண்ணி இல்லாம வடிச்சிரணும். இல்லேன்னா உறைஞ்சு வெடிச்சிரும். ஒரு வருசம் கென்ன நம்பி விட்டேன். 'வடிச்சாச்சு மேவிஸ்'னாரு. வடிச்சது நெசந்தான்... பக்கத்து கேரவனோடத! மார்ச்சுல வந்து கதவத் தொறந்தா மெத்தை மெதக்குது.

நல்லதா? ஏன் இல்ல! இந்த மழச் சத்தத்தக் கேளு, கூரை மேல பட்டாணி வறுக்கற மாதிரி. இதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஊரு வீட்டுல படுத்தா கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கெடப்பேன். என் உசுரே இங்கதான் தம்பி..."

வெளியே ஏதோ உறுமியது. ரோவன் எட்டிப் பார்த்தான்.

"அது ஒண்ணுமில்ல, டிராக்டர். இந்தக் கேரவன இழுத்துட்டுப் போக வந்திருக்கு."

ரோவன் துள்ளி எழுந்தான்.

"அய்யய்யோ, உக்காரு, உக்காரு! பதினஞ்சு வயசு தாண்டுன கேரவன் இங்க நிக்கக் கூடாதாம். எந்த மடச் சாம்பிராணி போட்ட சட்டம்னு பாக்கிறியா? ...நாந்தான். எதுத்தாப்புல எனிட் இருக்காளே, அவளுது பழைய கேரவன், பாசி புடிச்சுப் பச்சப்பசேல்னு நிக்கும், கண்கொண்டு பாக்க முடியாது. அவளத் தொரத்தணும்னு கேரவன்காரங்க கூட்டத்துல எந்திரிச்சு நாந்தான் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் பூரிச்சுப்போயி உக்காந்தேன். எனிட் மறுவாரமே பளபளன்னு புதுசு கொண்டாந்து நிறுத்திட்டா. அப்பத்தான் கென் கேக்கறாரு, 'நம்மளுதுக்கு என்ன வயசு மேவிஸ்?'

பதினாறு!

அந்தா ஜன்னல்ல நின்னு பல்லக் காட்டுறா பாரு, அவதான் எனிட். ஆனா ஆளு உள்ள இருந்தா இழுக்கக் கூடாது, அதுவும் சட்டம். அத நான் போடல. அதான் காலையிலேருந்து எடத்த விட்டு அசையல. அஞ்சு மணியானா டிராக்டர்காரர் வீட்டுக்குப் போயிருவாரு, இனி திங்கக்கெழமதான். யாரு, சாவிக்காரரா? அவருதாம்ப்பா டிராக்டர் மேல உக்காந்திருக்காரு!"

ரோவன் கதவுப் பிடியில் கை வைத்தான். மேவிஸ் காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்தாள்.

"கென்ன மாத்தி உக்காரச் சொல்லலாம்னா, அந்த மனுசன் இன்னைக்குன்னு பாத்து காலாற நடக்கப் போயிட்டாரு! தண்ணியையும் நிறுத்திட்டாங்க. பொதுக் கழிவறையோ அந்தக் கோடியில. மூணு ஃபிளாஸ்க் டீ உள்ள போயிருக்கு, இனி ஒரு நிமிசம் தாங்காது... தம்பி, நான் ஓடிப் போயி ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் இந்த ஜன்னலோரமா, டிராக்டர்காரரு கண்ணுல படற மாதிரி, கொஞ்சம் உக்காந்திருக்கியா சாமி?"