வேலுத்தாய் கேட்ட இடம்

அடுப்புப் பக்கம் இன்னும் நெருங்கி உட்காருங்கள். ஏலக்காய் காய்கிறவரை நமக்குத் தூக்கம் கிடையாது. இது ஐம்பத்தாறில், ஏலத் தரகர் ஜக்கையனின் மைத்துனன் பால்பாண்டிக்கு நடந்தது.

சாயங்காலம் ஆறு மணி. ஆள் அரவமே இல்லாத பாதை... தரையில் இல்லை, வானத்தில். மதுரையிலிருந்து கொச்சிக்குப் போகிற விமானம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

சிலமலைக்காரன் பால்பாண்டி அதில் சிப்பந்தி. காபி கொடுப்பான், பயணிகளுக்கு பெல்ட்டு மாட்டிவிடுவான். விமானம் குலுங்கினால் சிவப்பு விளக்கு எரியும். எல்லோருடைய பெல்ட்டையும் பார்த்துவிட்டு, வால்பக்கத்துத் தனி இருக்கையில் அவனும் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு அணைகிறவரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவன் கூரையில் போய் மோதுவான் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முன்பு அவன் போடிமெட்டு ஜீப்பில் கிளீனர். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புதான்... ஏழு பேர் இடத்தில் இருபது பேர். கிளீனர் பின்னால் தொங்கிக்கொண்டு வருவது மலை வழக்கம். உட்காருகிற இடம் பெண்களுக்கு. அன்று மழை. நனைய மனசில்லாமல் பால்பாண்டி உள்ளே உட்கார்ந்துவிட்டான். நிறைமாசக்காரி வேலுத்தாய் பின்படியில் நின்றாள்.

"கொஞ்சம் எடம் குடு அப்பு. நிக்க முடியல."

"கம்பியப் பிடிச்சுக்க ஆத்தா. மெட்டுக்கு வந்தாச்சு."

ஜீப்பு ஒரு வளைவு திரும்பியது. பார்த்தால்... கம்பியில் கை இல்லை.

மலையே வேண்டாம் என்று ஓடிப்போய்த்தான் விமான வேலையில் சேர்ந்தான். விதியைப் பாருங்கள், அந்தப் பாதையும் போடிமெட்டுக்கு மேலேதான் போனது.

மெட்டுக்கு மேலே கருமேகம். விளக்கு எரிந்தது. தட்டுகள் கடகடவென்று உருண்டன. பால்பாண்டி ஓடி வந்து பெல்ட்டை மாட்டினான். அப்போதுதான் அந்த வாசனை... பச்சை ஏலக்காய், நனைந்த சேலை. சொட்... சொட்... என்று பக்கத்தில் தண்ணீர் விழுந்தது.

நடைபாதையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில்.

"கொஞ்சம் எடம் குடு அப்பு."

கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். எழுந்தால் சாவு. எழாவிட்டால், தினமும் இதே பாதை, இதே குரல். விம்மி விம்மி அழுதான்.

"என்னய விட்டுரு ஆத்தா. எம்பிள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவள் பிள்ளைக்கும் யாரும் பேர் வைக்கவில்லை.

"நிக்க முடியல அப்பு."

க்ளிக். பெல்ட்டை அவிழ்த்து எழுந்தான்.

"உக்காரு ஆத்தா."

கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுகிற மாதிரி விமானம் இறங்கியது.

கொச்சியில் அவனைப் பலகையில் வைத்துத்தான் இறக்கினார்கள். முதுகெலும்பு போச்சு, உயிர் மட்டும் மிச்சம். இன்றும் சிலமலையில் படுத்த படுக்கைதான். யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசினான், எழுந்தான் என்று கடைசி வரிசைப் பயணி ஒருவர் சொன்னார்.

விமானி போய் அந்த இருக்கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. காலி இருக்கையில் பெல்ட்டு மாட்டியே இருந்தது... பால்பாண்டியின் ஒட்டிய வயிற்றுக்கு எப்போதும் இறுக்கியே கிடக்கிற பெல்ட்டு. யாரோ அதைத் தளர்த்தி விட்டிருந்தார்கள், ஒரு நிறைமாச வயிற்றுக்கு அளவாக.