நடுக் காம்பரா

— சொல்லுங்க கிறேஸக்கா! எம் புள்ளைக்கு என்னத்தக் குடுத்து மயக்குனீங்க?

— ரொட்டியும் கட்டசம்பலும், ஜெனிற்றா. வேற என்னா, வசிய மருந்தா வெச்சிருக்கேன்?

— அப்ப ஏன் அவ அப்புடி வரைஞ்சா? 'அம்மா வீடு, அப்பா வீடு ரெண்டையும் வரை, எங்க இருந்தா சந்தோஷமோ அங்க உன்னைய வரை'ன்னு பிரியிறவங்களுக்குப் புத்தி சொல்ற கோச் மிஸ் போன்ல சொன்னாங்க. டில்ஷானி மூணு கதவு வரைஞ்சுட்டு நடுக் கதவுல போயி குந்திக்கிட்டா!

— நம்ம லயத்து வரிசையில இந்தக் கோடியில நீ, அந்தக் கோடியில ஒம் புருஷன், நடுக் காம்பராவுல நான். புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு.

— புருஷன்னு சொல்லாதீங்க. கேஸ் முடியப் போவுது. இப்ப அவரு டில்ஷானியோட அப்பா, அவ்வளவுதான்.

— அவரா! நேத்து வரைக்கும் 'டேய் ஜெகன்'னு மலையே அதிரக் கூப்புட்டவ. கொழும்பு மிஸ்ஸு போன்ல வந்ததும் மருவாதி பொங்குது.

— அது மிஸ் சொல்லி எங்களுக்குள்ள போட்டுக்கிட்ட எல்லை. ஒங்களுக்கு எங்க வெளங்கப் போவுது?

— வெளங்காம என்னா? கூரை வரைக்கும் செவுரு போகாத லயம். நீ ஸ்பீக்கர்ல போட்டா எனக்கும் சேத்துத்தான் பாடம். மிஸ்ஸு 'மூச்ச இழுத்து விடுங்க'ன்னா நானும் விடுறேன்.

— சரி, சரி, சத்தம் வேணாம். த்ரீவீல் ஆட்டோவ நிப்பாட்டிட்டு வர்றதுக்குள்ள லயமே கூடிருச்சு.

— வாங்க ஜெகன் தம்பி, இன்னைக்கு ஒங்க மொறையா? ஒரு கோடியிலருந்து மறு கோடிக்குப் புள்ளைய வண்டியில ஏத்திப் போற ஆளு ஒலகத்துலயே நீங்கதான்.

— மிஸ் சொன்னத செய்யிறேன். சரி, அத விடுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயம் ஒன்னாவது கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சுட்டோம்.

— அப்பாடா! என்னாது?

— டில்ஷானி இனிமே ஒங்க காம்பராவுக்கு வரக்கூடாது.

— ...ரெண்டு பேருமா?

— ஆமாக்கா. நானும் அவரும்.

— கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க ஒன்னா தலையாட்டல. போங்க, போங்க. எனக்கென்ன, மாவு மிச்சம்.

*

— என்னா கிறேஸு, ரெண்டு பக்கமும் பூட்டுத் தொங்குது?

— மக வீட்டுல வருஷம் பூரா குந்திட்டு இப்ப வந்து கேளு, இருளாயி! கோர்ட்டுல பிரிச்சு விட்டாச்சு. ஜெனிற்றா ருவான்வெல்லையில ஒரு கடைக்காரரக் கட்டிக்கிட்டா. ஜெகன் றக்வானயில ஒருத்தியக் கட்டிக்கிட்டு அங்கயே போயிட்டான். மிஸ்ஸு ரெண்டு கல்யாணத்துக்கும் போன்லயே வாழ்த்துச் சொல்லிருச்சாம்.

— புள்ள?

— ஒரு வாரம் அவகிட்ட, ஒரு வாரம் அவன்கிட்ட. புள்ளைக்குப் பழகுன எடத்துல வெச்சுத்தான் கைமாத்திக்கணுமாம். ரெண்டு பேருக்கும் சுத்து வழி, ஆனாலும் நம்ம தோட்டத்து பஸ் ஹோல்ட்டுக்குத்தான் வர்றாங்க.

— நேருக்கு நேரு பாத்தா கடிச்சுக்குவாங்களே?

— பாத்தாத்தானே! ஒருத்தர் ஹோல்ட்டுகிட்ட இருக்க பாறூக் நானா கடையில புள்ளைய ஒக்கார வெச்சுட்டுத் திரும்பிருவாங்க. மத்தவங்க அடுத்த பஸ்ஸுலதான் வருவாங்க.

— நடுவுல புள்ள யாரு பொறுப்பு? மிஸ்ஸு சொல்லலையா?

— அம்மா நேரம் இருக்கு, அப்பா நேரம் இருக்கு. நடு நேரத்தப் பத்தி அந்தப் படிச்ச வாயி ஒன்னும் சொல்லல.

— அடப்பாவமே. அது சரி, தனிக் கட்டைக்கு எதுக்கு இம்புட்டு ரொட்டி மாவு?

— தள்ளி நில்லு, இருளாயி. பஸ் ஹோர்ன் கேக்குதில்ல? இது எம் மொறை.