அக்கறை இல்லை என்று சொல்லும் பொத்தான்

“அந்தப் பச்சைப் பட்டன்தான் அக்கா பாம்பு.”

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கையால் வரைந்த பரமபத அட்டை. எண்ணினேன், ஏணி ஐந்துதான், பாம்பு பதினொன்று.

“போன் ஏமாத்துறதைப் புரிஞ்சுக்கத்தான் இந்த ஆட்டமே. நம்ம மகளிர் குழுவுல எல்லாரும் அந்தப் பச்சைக் கட்டத்துலதான் கடிபட்டீங்க.”

“பின்ன? கட்டத்துல பெரிசா பச்சையில ‘சரி, உரம் வேணும்’ன்னு இருக்கு. கீழ பொடிசா ‘வேண்டாம், எனக்குப் பயிர்மேல் அக்கறை இல்லை’ன்னு இருக்கு. நடவு நேரத்துல அதை எந்தக் கையால அமுக்குறது? வாயால சொன்னாலே பயிருக்கு ஆகாது.”

“நீங்க அப்படி நினைப்பீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதுறாங்க.”

“போன்லயும் அப்படியே அமுக்கி அமுக்கி, கண்ட ஆப்பும் ஏறிக்கிச்சு. மகன் இதைப் பிடுங்கிக்கிட்டு பழைய பட்டன் போனைத் தர்றேங்கறான். சிங்கப்பூர்ல இருக்குற பேத்தி முகத்தை அப்புறம் எதுலம்மா பாக்குறது?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூத்தவர் போனில் ஓர் உர விளம்பரம் திரையை மறைத்தது. அதே பச்சை, அதே பொடி எழுத்து. விரல் பச்சைக்கு மேலே போய் நின்றது. இளையவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பதற்றமாக இருந்தது.

“அக்கறை இல்லையாம்ல! விடியக்காலையில தண்ணி கட்டிட்டு வர்றவடா நான்!” என்று போனைத் திட்டிவிட்டு, அவர் பொடி எழுத்தை அமுக்கினார்.

விளம்பரம் போய்விட்டது. அவர் உடனே சன்னல் வழியாக வயலைப் பார்த்தார்.

“நட்டது அப்படியேதான்ம்மா நிக்குது. இனிமே மகன் போனைக் கேக்கட்டும், பாத்துக்கறேன்.”