முத்திரை குத்திய கையும் முதல் அடியும்

அவைக்குத் தலைமை தாங்கி, அடியேனுக்கு ஐந்தே நிமிடம் அளந்து தந்திருக்கும் மேலாளர் அவர்களே, ஓய்வு பெற்ற பின்னும் ஆட்டம் பார்க்க ஓயாமல் வரும் பெரியோர்களே, கணவரைத் தேடி வந்து கடைசி ஆட்டம்வரை அமர்ந்துவிடும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்தும் எனக்கு முகம் கொடுக்காத பதிவறை நண்பரே, வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மேசைமேல் கோலால் பந்தடிக்கும் பூல் ஆட்டத்தில் பிரேக் ஷாட்டைப் பழகுவது எப்படி. தலைவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, நம் ஓய்வறைப் பூல் மேசையைத் தூக்கிவிட்டு அங்கே பழைய கோப்புகளை அடுக்குவது எப்படி. இரண்டும் ஒரே மேடையில் நடப்பது நம் அலுவலகத்தின் பெருந்தன்மை.

நான் யார்? அனுப்புகைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முத்திரை குத்துபவன். முக்கோணச் சட்டத்தில் முத்துமுத்தாய் அடுக்கிய பதினைந்து பந்துகள். எதிரே ஒரு வெள்ளைப் பந்து. ஆட்டத்தைத் தொடங்கும் அந்த முதல் அடியே பிரேக் ஷாட். அடித்தால் சிதற வேண்டும். நான் அடித்தால் சிதறினவா? மாறுதல் உத்தரவு வாங்கிய ஊழியரைப் போல இடத்தைவிட்டு நகர மறுத்தன.

பலம் போதவில்லை என்று நினைத்தேன். பலமாக அடித்தேன், வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டியது. இன்னும் பலமாக அடித்தேன். பதிவறை நண்பரின் தேநீரில் விழுந்தது. பின்னால் யாரும் சிரிக்க வேண்டாம், அவர் இன்னும் சிரிக்கவில்லை.

பந்துகளை அடுக்கித் தரும் தட்டச்சுப் பிரிவு அக்காதான் ஒருநாள் வாய் திறந்தார்.

“பந்தை அடிக்கிறீங்கன்னு பார்த்தா, தபாலுக்கு முத்திரை குத்துறீங்க தம்பி. பட்டதும் கையை வெடுக்குனு இழுத்துக்கறீங்க. கூடவே எழுந்தும் நிக்கறீங்க.”

“மை இழுபடக் கூடாதுல்லக்கா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.”

“அப்ப அதை மறந்துட்டு வாங்க.”

தொட்டதும் எடு என்பது என் தொழில். தொட்டபின்னும் தொடர் என்பது பிரேக் ஷாட். நான்கு மாதம், மதிய இடைவேளைதோறும் முப்பது அடி. அக்கா பந்துகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவார். இடைவெளி தெரிந்தால் கலைத்துவிடுவார். நான் பாதி பலத்தில், வெள்ளைப் பந்தை முதல் பந்தின் நெற்றி நடுவில் படும்படி அடிப்பேன். வெள்ளைப் பந்து இருந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னே, ஓரமாக, அடையாளத்துக்கு ஒரு தபால் உறை. கோலின் நுனி அதைத் தாண்டிப் போய், பந்துகள் நிற்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தலை நிமிரக் கூடாது. எனக்கு முதுகுப் பிடிப்பு என்று நினைத்து ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சிதறின. நாலா பக்கமும் சிதறின. இரண்டு பந்துகள் மேசையோரப் பைகளுக்குள் விழுந்தன. வெள்ளைப் பந்து மேசை நடுவே வந்து நின்றது. அக்கா “ம்” என்றார். என் திருமண நாளில்கூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. என் மனைவி இங்கேதான் இருக்கிறார். அவருக்கும் அது தெரியும்.

அந்த மேசை எங்களுக்கு வேண்டும், தலைவர் அவர்களே. அதைச் சுற்றித்தான் மூன்றாம் தளம் முதல் தளத்தோடு பேசுகிறது. அதைச் சுற்றித்தான் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் தோற்கிறார். அங்கே கோப்புகளை அடுக்கினால் யார் யாரோடு பேசுவது? யார் யாரிடம் தோற்பது?

ஆனாலும் மேசையை அகற்றும் ஆணை தயார். தங்கள் கையொப்பம் விழுந்துவிட்டது. என் முத்திரைதான் பாக்கி. கூட்டம் முடிந்ததும் குத்தச் சொன்னீர்கள். குத்துகிறேன், கடமை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக இந்தக் கை பட்டதும் திரும்புவதில்லை, முன்னே போகிறது. மை ஒரு சாண் இழுபடுகிறது. இழுபட்ட முத்திரை செல்லாது என்று போன மாதம் சுற்றறிக்கை விட்டவர் தாங்கள். முத்திரை குத்தும் அதிகாரம் இந்த அலுவலகத்தில் இந்த ஒரு கைக்குத்தான்.

ஆணையை நீட்டுங்கள், நான் தயார். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும், பந்துகள் நிற்கும்வரை தலை நிமிராமல், குனிந்தபடியே என் நன்றியும் வணக்கமும்.